வழியனுப்பும் கை

ஜனவரி 4

விருந்தாளி தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனால், அந்த ஹோட்டலுக்கு அன்றே பூட்டுப் போட்டுவிடலாம். சென்னையில் நட்சத்திர ஹோட்டல்களில் இத்தனை வருடம் குப்பை கொட்டி நான் கற்றது இதுதான். அந்தமானில் இதை ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை.

நீலமணி டைவ் ரிசார்ட்டுக்கு நான் மேலாளராக வந்து மூன்று மாதம் ஆகிறது. கடலுக்கடியில் பவளப்பாறை பார்க்க எங்கெங்கிருந்தோ கொழுத்த கட்டணம் கட்டி வருகிறார்கள். வந்து என்ன செய்கிறார்கள்? காலையில் ஆளுக்கொரு காற்று டேங்க்கை இழுத்துவந்து, மூச்சுக்குழாயை மாட்டி, வால்வைத் திருகித் திறந்து, ஒருவர் முதுகை ஒருவர் தடவிச் சரிபார்த்து, படகுக்கும் தாங்களே சுமந்துகொண்டு நடக்கிறார்கள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கப் போகிற கூட்டம் மாதிரி இருக்கிறது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

இன்று முதல் அது கிடையாது. விருந்தாளி கையை வீசிக்கொண்டு வர வேண்டும், கையை வீசிக்கொண்டு போக வேண்டும். சாமான் எல்லாவற்றையும் நம் ஆட்களே மாட்டி, படகில் அவரவர் இடத்தில் வைத்திருப்பார்கள். திரும்பியதும் கழுவிக் காயவைப்பதும் நாம்தான்.

பயிற்றுநர் ஜெனோவாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. பாம்பன்காரப் பெண். பேச்சில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

"சாமானை யாரு மாட்டுனாலும் சரி சார். குதிக்கிறதுக்கு முன்னாடி ஜோடி ஜோடியா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிறாங்கல்ல, அதை மட்டும் எடுத்துராதீங்க."

"பள்ளிக்கூட டிரில் மாதிரி இருக்கும்மா அது. லீவுக்கு வந்தவங்களை எதுக்கு வரிசையில நிக்க வைக்கணும்?"

"உசுரு அதுலதான் சார் இருக்கு."

உயிர், உயிர் என்று பயமுறுத்தியே இவர்கள் காலத்தை ஓட்டிவிட்டார்கள். என்னிடம் அது நடக்காது.

மகள் தாரணி போன் செய்தாள். பரீட்சை முடிந்து இருபத்து மூன்றாம் தேதி வருகிறாள். புதுச்சேரியில் டைவிங் சான்றிதழ் வாங்கியதிலிருந்து, அப்பா வேலை செய்யும் கடலில்தான் அடுத்த டைவ் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்கு நீச்சல் தெரியாது. அது அவளுக்கும் என் மனைவி சுகந்திக்கும் தவிர யாருக்கும் தெரியாது. படகிலிருந்து கையசைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 7

சுடலைமுத்து வேலையில் தேறிவிட்டான். படகில் வேலை செய்பவர்களில் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரே ஆள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அப்பா காலத்திலேயே நாங்குநேரியிலிருந்து இங்கே வந்துவிட்ட குடும்பம். உல்லாசமாகக் கடலுக்குப் போகிறவர்களை வரவேற்கிற ஆளுக்குச் சுடலை என்று பெயர் இருந்தால் விளங்குமா? சட்டையில் குத்தும் பேட்ஜில் 'முத்து' என்று மட்டும் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடி முன் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டான்.

இன்று அவனுக்கு ஒரு புது வேலை கற்றுக்கொடுத்தேன். ஹோட்டலில் கார் கதவைச் சாத்தும்போது வாயிற்காப்பாளர் கதவின்மேல் லேசாகக் கை வைத்து ஒரு நொடி நிறுத்துவார். விருந்தாளிக்கு அந்த ஒரு நொடிதான் மனதில் நிற்கும். இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும். டைவ் செய்கிறவர் படகு விளிம்பில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார், அப்படியே பின்னால் சாய்ந்து விழ வேண்டியதுதான். அதற்கு முன் முத்து எதிரே நின்று, அவர் தோளுக்கு மேலே கையை விட்டு, டேங்க்கின் வால்வை ஒருமுறை திருகிப் பார்த்து, "எல்லாம் சரி, போய்ட்டு வாங்க" என்று சிரிக்க வேண்டும். கடைசி நொடி வரை நம் கை அவர்கள்மேல் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இதற்கு 'வழியனுப்பு' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

"முழுசாத் தொறந்து, கால் சுத்து திருப்பி விடணும் சார். அதான் எங்க வழக்கம். ரொம்ப இறுகக் கூடாதுல்லா" என்றான்.

அப்படியே செய் என்றேன். கையில் நல்ல நளினம் இருக்கிறது.

ஜனவரி 11

இணையத்தில் பாராட்டு குவிகிறது. 'ராஜா மாதிரி கவனித்தார்கள்', 'ஒரு துரும்பைக்கூடத் தூக்கவில்லை' என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். போர்ட் பிளேரிலிருந்து முதலாளி பேசினார். "ஞானசிகாமணி, உங்களை முன்னாடியே கூட்டி வந்திருக்கணும்" என்றார். இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டேன்.

மதியப் படகில் சென்னியப்பன் வந்து இறங்கினார். கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனி. வருடாவருடம் இரண்டு வாரம் வந்து தங்குகிறவராம். வந்தவுடனேயே தகராறு. அவருடைய பெட்டியைப் பையன்கள் திறந்து சாமானை எடுத்து மாட்டப் போக, மனிதர் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

"என்ற சாமானை நானே மாட்டிக்கறனுங்க. கை வெக்க வேண்டாமுங்க."

"எங்க சேவை சார் இது. நீங்க ஓய்வெடுங்க."

"என்ற சட்டைப் பொத்தானை நீங்க வந்து போட்டா சேவைங்களா?"

சில பேருக்கு மரியாதையை வாங்கிக்கொள்ளவே தெரியாது.

ஜனவரி 12

சென்னியப்பன் படகில் முத்துவின் கையைத் தட்டிவிட்டார். எல்லார் எதிரிலும். பாவம், வழியனுப்பத்தான் போனான். அவன் முகம் செத்துப்போய்விட்டது. இவருடைய மூச்சுக்குழாயைக் கழுவும்போது, அதன் மூடியைப் போடாமல் அமுக்கி உள்ளே தண்ணீர் புகவிட்டார்கள் என்று சாயங்காலம் அதற்கும் ஒரு சண்டை.

ஜனவரி 15

பொங்கல். சமையல்காரர் வங்காளி, சர்க்கரைப் பொங்கலில் ஏலக்காயை அள்ளிக் கொட்டிவிட்டார். விருந்தாளிகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

காலையில் ஒரு சின்ன விஷயம். பெங்களூரிலிருந்து வந்த புது மணப்பெண் கடலுக்குள் போய்ச் சிறிது நேரத்திலேயே பதறிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். காற்று வரவில்லை, இழுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அழுதாள். கணவன் அவளைக் கட்டிக்கொண்டு நின்றான். டேங்க் நிறைய காற்று இருக்கிறது, மீட்டரும் அப்படித்தான் காட்டுகிறது. புது இடம், பயம். வேறென்ன இருக்கும்? அறைக்குப் பழத்தட்டும் மல்லிகையும் அனுப்பினேன். மாலையில் இருவரும் சிரித்துக்கொண்டே கடற்கரையில் நடந்தார்கள்.

ஜனவரி 16

ஜெனோவா காலையில் என் அறைக்குள் ஒரு டேங்க்கை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தரையெல்லாம் மணல்.

"வாயில வச்சு மூச்சு இழுங்க சார். இழுக்கும்போது இந்த ஊசியைப் பாருங்க."

இழுத்தேன். காற்று தாராளமாக வந்தது. ஆனால் இழுக்கும்போதெல்லாம் மீட்டரின் ஊசி விழுந்து விழுந்து எழுந்தது.

"ஊசி ஆடுச்சுன்னா வால்வு அடைச்சிருக்குன்னு அர்த்தம். கால் சுத்துதான் திறந்து வச்சிருக்கேன். மேல இருக்கிறவரைக்கும் ஒண்ணும் தெரியாது. ஆழம் போகப்போக நெஞ்சுக்குப் பத்தாது. பதினெட்டு மீட்டர்ல இழுத்தா வராது சார். நேத்து அந்தப் பொண்ணுக்கு அதான்."

"முத்து தினமும் பார்க்கிறானேம்மா."

"அதான் வினையே. முத்து அண்ணன் பின்னாடி நின்னு திருகிப் பழகுன ஆளு. நீங்க முன்னாடி நின்னு தோளுக்கு மேல கையை விடச் சொல்றீங்க. அப்போ திருகுற பக்கம் மாறிப்போயிருது. திறக்கிறதா நினைச்சு முழுசா அடைச்சுப்புட்டு, பழக்கத்துல கால் சுத்து திருப்பி விடுறாரு. எப்பவும் இல்ல, அவசரத்துல. ஒரு தடவை போதாதா? திறந்து கிடக்கிறதை எதுக்கு சார் திரும்பத் தொடணும்?"

குரல் உயர்ந்துவிட்டது. வெளியே வரவேற்பறையில் இரண்டு விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் சொல்வதில் விஷயம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சொல்கிற விதம் என்று ஒன்று உண்டு. நாளையிலிருந்து அவளுக்குக் கடலில் வேலை இல்லை. கடையில் உட்கார்ந்து டி-ஷர்ட் விற்கட்டும். முத்துவிடம் கவனமாக இருக்கச் சொன்னேன். சரி சார் என்றான்.

ஜனவரி 19

கடல் கலங்கல். படகு போகவில்லை. கரையெல்லாம் ஜெல்லி மீன் செத்து ஒதுங்கியிருக்கிறது. கூட்டிப் புதைக்கச் சொன்னேன்.

ஜனவரி 21

இன்று இன்னொருவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. சற்றுப் பருமனானவர், ஆழம் போகாமலே திரும்பிவிட்டார். 'உடம்பைக் குறைக்கணும்' என்று அவரே சொல்லிச் சிரித்தார். அவர் அறைக்கும் பழத்தட்டு. கடையின் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து ஜெனோவா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காததுபோல் வந்துவிட்டேன்.

படுக்கும்போது அந்த ஊசி நினைவுக்கு வந்தது. ஒரு காரணமும் இல்லை.

ஜனவரி 23

தாரணி வந்துவிட்டாள்! முடியை வெட்டிக்கொண்டிருக்கிறாள், சுகந்தி என்னிடம் சொல்லவே இல்லை. இறங்கியதும் பெட்டியைத் தானே தூக்கப் போனாள். முத்து பாய்ந்து வாங்கிக்கொண்டான். "இங்க நீ விருந்தாளிம்மா, மகளெல்லாம் அப்புறம்" என்றேன். "ஐயோ அப்பா" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். இந்த மூன்று மாதத்தில் எனக்கு ஒரு நல்ல நாள் என்றால் இன்றுதான்.

சாப்பாட்டு மேசையில் சென்னியப்பனோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். அவரும் என்னிடம் காட்டாத பல்லையெல்லாம் அவளிடம் காட்டினார். "நாளைக்கு என்ற பக்கத்துலயே இரு கண்ணு. இங்க ஜோடி பாக்கற பழக்கத்தையெல்லாம் எடுத்துப்போட்டாங்க" என்றார். என் காதில் விழட்டும் என்றே சொன்னது.

மாலையில் ஜெனோவா கடையை விட்டு வந்து, என்னைத் தாண்டிப் போய், தாரணியிடம் ஏதோ பேசப் பார்த்தாள். கடையில் ஆள் காத்திருக்கிறது என்று திருப்பி அனுப்பினேன். என் மகளையுமா பயமுறுத்த வேண்டும்?

ஜனவரி 24, படகில்

மடியில் வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக வருகிறது. எல்லாரும் தண்ணீருக்குள் போய்விட்டார்கள். வழிகாட்டி பிஸ்வாஸ் முன்னால், கேமராவோடு வந்த விருந்தாளிகள் பின்னால், கடைசியில் தாரணியும் சென்னியப்பனும். காற்றுக் குமிழிகள் இடப்பக்கம் வரிசையாக வருகின்றன. இவ்வளவு நீலத்தை நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் குமட்டுகிறது, மற்றபடி மனம் நிறைந்திருக்கிறது.

இறங்கும் நேரத்தில் அலை கொஞ்சம் முரடு. முத்து நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் நின்றுவிட்டான், வர முடியவில்லை. சரி, என் மகளை நானே வழியனுப்புகிறேன் என்று எழுந்தேன். விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தோளுக்கு மேலே கையை விட்டேன்.

"நானே பாத்துட்டேம்ப்பா. தொறந்துதான் இருக்கு."

"விருந்தாளி கை வைக்கக் கூடாது" என்றேன். முத்து செய்வதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். கல்யாண மோதிரம் டேங்க்கில் பட்டு டிங்கென்றது. இறுகும் வரை திருகி, கால் சுத்து திருப்பி விட்டேன். சுலபமாகத்தான் இருந்தது.

அவள் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஊசி ஆடுதுப்பா" என்றாள்.

"படகே ஆடுது, ஊசி ஆடாதா?"

சிரித்தாள். கண்ணாடிக்குள் கண் மட்டும் சுகந்தியைப் போலவே இருந்தது. எல்லாம் சரி, போய்ட்டு வா என்றேன். பின்னால் சாய்ந்து விழுந்தாள்.

இளநீர் சீவித் தயாராக வைக்கச் சொல்லியிருக்கிறேன். வெந்நீரில் நனைத்த துண்டும் இருக்கிறது. முத்து கயிற்றைக் கட்டிவிட்டு வந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

இடப்பக்கம் குமிழி குறைந்திருக்கிறது. ஆழம் போயிருப்பார்கள்

ஜனவரி 24, மாலை

உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். உயிரோடு இருக்கிறாள், அறையில் தூங்குகிறாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டார். நெஞ்சில் ஒன்றும் இல்லை, ஓய்வு போதும் என்றார்.

சென்னியப்பன்தான் மேலே கொண்டுவந்தார். அவருடைய இன்னொரு மூச்சுக்குழாய் அவள் வாயில் இருந்தது. படகில் ஏற்றியதும் வாந்தி எடுத்தாள். உதடு நீலம். நான் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். வாங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை.

"பாறைக்குப் பக்கத்துல திடீர்னு என்ற கையைப் புடிச்சா. கண்ணு வெளிய வந்துடுச்சுங்க. என்றதைக் குடுத்துட்டு, முதுகுல கை வெச்சுப் பாத்தா வால்வு அடைச்சுக் கெடக்குது. கால் சுத்துதான் தொறந்திருந்துச்சுங்க" என்றார் சென்னியப்பன். பிறகு என்னைப் பார்த்து, "ஆருங்க இதைத் திருகுனது?" என்றார்.

வழக்கமாக முத்துதான் பார்ப்பது என்றேன். வழக்கமாக அவன்தான் பார்ப்பது. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

தாரணி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கேட்டாளா என்று தெரியவில்லை.

சுகந்திக்குப் போன் செய்யவில்லை.

ஜனவரி 25

முதலாளிக்குத் தகவல் சொன்னேன். யாராவது ஒருவர் போயாக வேண்டும் என்றார். நியாயம்தான்.

முத்துவைக் கூப்பிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் என் வலக்கையைப் பார்த்தான்.

"நான் நங்கூரக் கயித்தப் புடிச்சிட்டு நின்னேன் சார்."

"தெரியும். ஆனா வால்வு உன் பொறுப்புதானே?"

பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "பாப்பா நல்லாருக்கால்லா சார்?" என்று கேட்டான். நல்லா இருக்கா என்றேன். "அது போதும்" என்று போய்விட்டான்.

அவனுக்கு நல்ல சான்றிதழாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றிருக்கிறேன். நல்ல உழைப்பாளி.

மதியம் ஜெனோவா கடைச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். வேலையை விட்டுவிட்டாள். வாய் ஓயாத பெண் பேசாமல் போவது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. சென்னியப்பனும் இன்றே கிளம்பிவிட்டார். வண்டியில் அவர் பெட்டியைத் தூக்கி வைக்க யாரும் முன்வரவில்லை.

ஜனவரி 27

தாரணி கிளம்பிவிட்டாள். இன்னும் ஒரு வாரம் இருப்பதாகத்தான் பேச்சு. இரண்டு நாளாக என்னிடம் சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பயந்திருக்கிறாள், ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

படகுத்துறையில் அவள் பையை வாங்கக் கை நீட்டினேன். அவள் அதை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"குடும்மா, கனமா இருக்கும்."

"வேண்டாம்ப்பா. நானே தூக்கிக்கிறேன்."

கூட்டம் நகர ஆரம்பித்தது. நாலு அடி போனவள் திரும்பி வந்தாள். கட்டிக்கொள்ளத்தான் வருகிறாள் என்று நினைத்துவிட்டேன்.

"முத்து அண்ணனுக்குக் கையில மோதிரம் இல்லப்பா" என்றாள். "எனக்கு டேங்க்ல பட்ட சத்தம் கேட்டுச்சு. நீங்களே சொல்லுவீங்கன்னு ரெண்டு நாள் பாத்தேன்."

அழவில்லை, கத்தவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். பையைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறிவிட்டாள். படகு கண்ணில் மறையும் வரை கையசைத்தேன். அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள் என்றே தெரியவில்லை. எனக்கு வலிக்கிறது. இதை வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

ஜனவரி 28

காலையில் சோப்புப் போட்டு மோதிரத்தைக் கழற்றிவிட்டேன். விரலில் வெள்ளையாக ஒரு தடம் இருக்கிறது. வெயில் பட்டால் போய்விடும்.

முதலாளி பேசினார். ஹைதராபாத்திலிருந்து நாளை ஒரு குடும்பம் மொத்தமாக வருகிறதாம். பிள்ளைகளும் டைவ் செய்கிறார்களாம். நம் வழியனுப்பைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டுத்தான் இங்கே அறை போட்டிருக்கிறார்கள், அதில் குறை வந்துவிடக் கூடாது என்றார். முத்து இல்லையே என்று இழுத்தார்.

கவலைப்படாதீர்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.